குப்பை எழுத்துகள் சொல்லும் சேதி

பழைய கையடக்க ஜி.பி.எஸ். கருவியைச் சீரியல் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்துவிட்டு, அதன் பிறகு கணினியை இயக்கியவர்களில் பலர் ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் திரை வந்த சற்று நேரத்தில் மவுஸின் அம்புக்குறி தானாகத் துள்ளத் தொடங்கும். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பாயும்; எதையாவது கிளிக் செய்யும்; யாரும் கேட்காத ஜன்னல்கள் திறக்கும். மவுஸை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கேபிளைப் பிடுங்கினால் ஆட்டம் நின்றுவிடும். வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. நிறுவிய பிறகும் அம்புக்குறி ஆடும்.

கருவியில் பழுதில்லை, கணினியில் பழுதில்லை, கேபிளும் நன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? பதிலைத் தேடிப் போனால், இரண்டு மின்னணுக் கருவிகள் ஒரு கம்பியில் எப்படிப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சு எங்கெல்லாம் முறியும், எந்த இடத்தில் முறிந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாமே தெரிந்துவிடும்.

சீரியல் போர்ட் வழக்கொழிந்த சமாசாரம்தானே என்று தோன்றலாம். அப்படியில்லை. கார்மின் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் என்ற மஞ்சள் நிறக் கருவியை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும், 500 இடங்களைப் பெயரிட்டு நினைவில் வைக்கும். இத்தகைய கருவிகளில் நம் மீனவர்கள் மீன் கூடும் பார், வலையைக் கிழிக்கும் பாறை, மூழ்கிக் கிடக்கும் படகு என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கிறார்கள். காட்டில் வேலை செய்பவர்கள் சுனைகளையும் பாதைகளையும் குறித்திருப்பார்கள். பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த அறிவு அது. திரை மங்கி, பொத்தான் தேய்ந்துபோன கருவியிலிருந்து அதை வெளியே எடுக்க ஒரே வழி, முதுகுப் பக்கத்தில் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் நான்கு உலோகத் தொடுமுனைகள். அவைதான் அதன் சீரியல் போர்ட். அந்தத் தொடர்பு கிடைக்காமல் போனால் போவது ஒரு பழைய பொருள் மட்டுமல்ல. அதனால்தான் இந்தப் பழுதுகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சீரியல் என்றால் வரிசையாக என்று பொருள். கணினி ஓர் எழுத்தை எட்டு பிட்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. எட்டையும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதுதான் தொடர்முறைத் தொடர்பு. கம்பியில் ஒரு மின்னழுத்தம் இருந்தால் 1, வேறொன்று இருந்தால் 0. போவதற்கு ஒரு கம்பி, வருவதற்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவான தரைக் கம்பி ஒன்று. மூன்றே கம்பிகள்.

கவனிக்க வேண்டியது, இங்கே இல்லாமல் இருக்கும் நான்காவது கம்பியை. ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கடிகாரக் கம்பி இதில் கிடையாது. கம்பி சற்று நேரம் 0 நிலையிலேயே நின்றால், வந்தது மூன்று பூஜ்ஜியமா நான்கு பூஜ்ஜியமா என்று பெறுபவருக்கு எப்படித் தெரியும்?

கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் இதே சிக்கலைத் தீர்க்கிறார்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. காலப்பிரமாணம் இன்னது என்பதில் இருவரும் முதலிலேயே ஒத்துப்போகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் மனதுக்குள் தனியாகத்தான் எண்ணிக்கொள்கிறார்கள். ஒருவர் எண்ணிக்கை மயிரிழை வேகமாக இருந்தாலும் பாதகமில்லை, அடுத்த சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில், இருவரும் கூடிவிடுவார்கள். பிசகு அங்கே அழிந்து, எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். சீரியல் தொடர்பிலும் இப்படித்தான். வேகத்தை இரு கருவிகளும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. ஒவ்வொரு எழுத்தின் முன்னாலும் ஒரு தொடக்க பிட் வருகிறது. அதுதான் சமம். பெறும் கருவி அந்த இடத்தில் தன் எண்ணிக்கையைத் தொடங்கி, எட்டு பிட்களைத் தன் சொந்தக் கடிகாரத்தால் எண்ணிப் படித்து, பிறகு அடுத்த சமத்துக்குக் காத்திருக்கிறது. ஒருவர் முதல் காலத்திலும் மற்றவர் இரண்டாம் காலத்திலும் தொடங்கிவிட்டால் மட்டும் எந்தச் சமமும் காப்பாற்றாது.

இந்த ஏற்பாடு கணினியைவிட மூத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரம் என்ற பொறியாளர் தந்தித் தட்டச்சு இயந்திரங்களுக்காக வகுத்த தொடக்க–நிறுத்த முறை இது. வேகத்தை அளக்க நாம் சொல்லும் பாட் என்ற அலகு அவருக்கும் முந்தியவர் பெயரில் இருக்கிறது. ஐந்து பிட் தந்திக் குறியீட்டுக்கு 1874-இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் நினைவு அது. 9600 பாட் என்றால், சீரியல் போர்ட்டைப் பொறுத்தவரை, நொடிக்கு 9600 பிட்.

தந்திக் காலத்து வழக்கங்கள் இன்றைய கம்பியிலும் அப்படியே ஓடுகின்றன. எதுவும் பேசாதபோது கம்பி 1 நிலையில் இருக்கும். அன்றைய தந்திக் கம்பியில் ஓய்வு நேரத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால் ஓட்டம் நின்று, அறுந்தது உடனே தெரிந்துவிடும். தொடக்க பிட் எப்போதும் 0. எட்டு பிட்களுக்குப் பிறகு வரும் நிறுத்த பிட் எப்போதும் 1. ஒரு எழுத்தைத் தட்டி முடித்த இயந்திரப் பற்சக்கரங்கள் நின்று மூச்சுவாங்க விட்ட இடைவெளி அது. டெலிடைப் 33 இயந்திரம் 110 பாட் வேகத்தில் இரண்டு நிறுத்த பிட் கேட்டது. எழுத்துக்கு 11 பிட். ஆகவே நொடிக்குச் சரியாக 10 எழுத்து. இன்றைக்குப் பற்சக்கரம் இல்லை, ஒரு நிறுத்த பிட் போதும். அது வேறொரு வேலையையும் செய்கிறது. அந்த இடத்தில் 1 வரவேண்டும் என்பது உறுதி. அங்கே 0 வந்தால், எண்ணிக்கை எங்கோ தப்பிவிட்டது என்று பெறும் கருவி கண்டுகொள்ளும். அதைச் சட்டகப் பிழை என்கிறோம்.

கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? 9600 பாட் வேகத்தில் ஒரு பிட் நிற்பது ஏறத்தாழ 104 மைக்ரோநொடி. பெறும் சில்லு பெரும்பாலும் அந்த நேரத்தைப் பதினாறு துண்டாக்கி எண்ணும். கம்பி 1-இலிருந்து 0-க்கு விழுந்த கணத்திலிருந்து எட்டு எண்ணினால் தொடக்க பிட்டின் நடுப்பகுதி. அங்கிருந்து பதினாறு பதினாறாக எண்ணினால் ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதி. ஓரத்தில் படிக்காமல் நடுவில் படிப்பதால் இரு பக்கமும் அரை பிட் அளவுக்குத் தவறு தாங்கும். நிறுத்த பிட்டின் நடுவை அடைய ஒன்பதரை பிட் எண்ண வேண்டும். அதற்குள் பிசகு அரை பிட்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 5 சதவீதம். இரு கருவிகளின் பிசகும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டுமென்பதால், ஆளுக்கு 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. குவார்ட்ஸ் படிகம் வைத்த கருவிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. படிகம் வைக்காமல் மின்தடையும் மின்தேக்கியும் கொண்டு காலம் பார்க்கும் மலிவான கருவிகள்தான் தடுமாறும். அறைக்குள் நன்றாகப் பேசிய கருவி வெயிலில் உளறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. பிசகு எண்ண எண்ணக் கூடுகிறது என்பதால், எழுத்தின் முதல் பிட்கள் சரியாக இருந்து கடைசி பிட்கள் மட்டும் மாறுவது இதன் அடையாளம்.

இப்போது வேகமே இரு மடங்கு மாறினால் என்ன ஆகும் என்று ஓர் எழுத்தை எடுத்துப் பார்ப்போம். கடல்சார் மின்னணுக் கருவிகளுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட என்.எம்.இ.ஏ. 0183 என்ற விதிமுறையைத்தான் பெரும்பாலான பழைய ஜி.பி.எஸ். கருவிகள் பேசும். வேகம் 4800 பாட். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். டாலர் குறி கம்பியில் வரும் வரிசை: தொடக்கத்துக்கு 0, பிறகு 0, 0, 1, 0, 0, 1, 0, 0, முடிவில் 1. (சிறிய மதிப்புள்ள பிட் முதலில் வருவது வழக்கம்.) கணினி 9600-இல் படிக்கிறது என்று வையுங்கள். வரும் ஒவ்வொரு பிட்டும் அதற்கு இரண்டு பிட்டாகத் தெரியும். முதல் பூஜ்ஜியத்தின் முன்பாதியைத் தொடக்க பிட் என்று எடுத்துக்கொண்டு அது படிக்கும் எட்டு: 0, 0, 0, 0, 0, 1, 1, 0. அந்த எண்ணுக்குரிய எழுத்து டாலர் அல்ல, எழுத்தின் தலைக்கு மேலே சாய்ந்து நிற்கும் சின்னக் குறி ஒன்று. அடுத்து நிறுத்த பிட் வரவேண்டிய இடத்தில் 0 நிற்கிறது. சட்டகப் பிழை.

திரையில் வரும் குப்பை எழுத்துகளைப் பார்த்துச் சலித்துக் கேபிளைப் பிடுங்கிவிடுகிறோம். உண்மையில் அது நல்ல சகுனம். குப்பை வருகிறது என்றால் கருவி உயிரோடு இருக்கிறது, பேசும் கம்பி சரியான இடத்தில் இருக்கிறது, தரைக் கம்பியும் பெரும்பாலும் ஒட்டியிருக்கிறது. வேகம், பிட் எண்ணிக்கை, மின்னழுத்தத்தின் திசை ஆகிய மூன்றில் ஒன்றுதான் பிசகியிருக்கும். அந்தக் குப்பையும் தாறுமாறானது அல்ல. ஒரே செய்தியைத் தவறாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் குப்பைதான் வரும்.

தானாக ஆடும் மவுஸின் மர்மம் இங்கே அவிழ்கிறது. யு.எஸ்.பி. வருவதற்கு முன் பல மவுஸ்களும் சீரியல் போர்ட்டில்தான் செருகப்பட்டன. 1200 பாட், எழுத்துக்கு ஏழு பிட், ஒரு நகர்வுக்கு மூன்று எழுத்து. விண்டோஸ் விழித்தெழும்போது ஒவ்வொரு சீரியல் போர்ட்டையும் தட்டி, அங்கே மவுஸ் இருக்கிறதா என்று விசாரிக்கும். கேட்டவுடன் பதில் வந்தால் மவுஸ் என்று பதிவு செய்துகொள்ளும். ஜி.பி.எஸ். கருவியோ கேட்டாலும் கேட்காவிட்டாலும் சில நொடிக்கொரு முறை தன் இருப்பிடத்தை 4800 பாட் வேகத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விசாரிக்கும் கணத்தில் அந்த வரி வந்து விழுந்து, அதைத் தவறான வேகத்தில் படித்ததில் கிடைத்த குப்பை மவுஸின் பதிலைப் போல அமைந்துவிட்டால் போதும். அதன் பிறகு அட்சரேகையும் தீர்க்கரேகையும் அம்புக்குறியின் பாய்ச்சலாகவும் கிளிக்காகவும் மாறிக்கொண்டே இருக்கும். சாதனப் பட்டியலில் போய்ப் பார்த்தால் யாரும் வாங்காத மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட் என்ற மவுஸ் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை முடக்கினாலோ, விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகு கருவியை இணைத்தாலோ தீர்ந்தது.

பிட் எண்ணிக்கை மாறியதற்கு இதைவிட அழகான தடயம் உண்டு. சில கருவிகள் எழுத்துக்கு ஏழு பிட் மட்டும் வைத்து, எட்டாவது இடத்தில் ஒரு காவல் பிட் சேர்க்கும். மொத்தத்தில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி அது 0 ஆகவோ 1 ஆகவோ அமையும். அதை எட்டு பிட் என்று நினைத்துப் படித்தால், ஏற்கெனவே இரட்டைப்படையாக இருந்த எழுத்துகள் சரியாகவே வரும். மற்றவை மட்டும் கோணலாகும். எண்களில் 0, 3, 5, 6, 9 ஒழுங்காகத் தெரியும். 1, 2, 4, 7, 8 ஐந்தும் வேற்றுமொழி எழுத்துகளாக மாறி நிற்கும். திரையில் இந்தப் பாதிக்குப் பாதிக் காட்சியைப் பார்த்தால் வேகத்தில் கைவைக்கவே வேண்டாம். வேகம் சரி, ஏழு பிட்டோடு ஒரு காவல் பிட் என்று அமைப்பை மாற்றினால் போதும்.

மின்னழுத்தத்துக்கு வருவோம். கணினிகளின் ஒன்பது முனை சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்.எஸ்.-232 தரநிலை 1960-இல் பிறந்தது. அதில் 1 என்பது தரையைவிடக் குறைந்த, அதாவது எதிர்மின்னழுத்தம். 0 என்பது நேர்மின்னழுத்தம். பெறுபவருக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வரவேண்டும், அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. இடைப்பட்டது எதுவும் கணக்கில் சேராது. ஆனால் கருவிக்குள் இருக்கும் சில்லு இதற்கு நேர் தலைகீழ்: 3.3 அல்லது 5 வோல்ட் என்றால் 1, பூஜ்ஜிய வோல்ட் என்றால் 0. இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொடுக்கும் சில்லு ஒன்று வேண்டும். அது இல்லாத இடத்தில் நேரடியாகக் கம்பியை இழுத்தால் பிட்கள் எல்லாம் தலைகீழாகி, வேகம் சரியாக இருந்தும் குப்பை வரும். அது பரவாயில்லை, கணினியின் 12 வோல்ட் 3.3 வோல்ட் சில்லுக்குள் பாய்ந்து அதைச் சாகடித்தும் விடலாம். பெயர் தெரியாத கருவியில் முதலில் மல்டிமீட்டர், பிறகுதான் கேபிள் என்ற ஒழுங்கை நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்.

மீட்டர் சொல்வதைக் கேட்பது எளிது. கருப்பு முனையைத் தரைக் கம்பியில் வையுங்கள். ஒன்பது முனைப் போர்ட்டில் அது ஐந்தாவது. சிவப்பு முனையை மற்றவற்றில் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பேசும் முனை ஓய்வில் இருக்கும்போதும் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்: –5 முதல் –12 வோல்ட் வரை காட்டினால் ஆர்.எஸ்.-232, +3.3 அல்லது +5 காட்டினால் நேரடிச் சில்லு. கேட்கும் முனை ஏறக்குறைய பூஜ்ஜியத்தில் கிடக்கும். கணினியில் மூன்றாவது முனை பேசும், இரண்டாவது கேட்கும். பழைய இருபத்தைந்து முனைப் போர்ட்டில் இது நேர்மாறு, இரண்டு பேசும், மூன்று கேட்கும். இந்த ஒரு முரண் எத்தனை கேபிள்களைப் பயனற்றதாக்கியிருக்கிறது என்று சொல்லி முடியாது. கருவியின் பக்கமும் கணினியின் பக்கமும் தனித்தனியே அளந்து, பேசும் முனைகள் இரண்டும் ஒரே கம்பியில் முட்டிக்கொண்டால், இரு கம்பிகளையும் மாற்றிப் பின்னிய குறுக்குக் கேபிள் தேவை என்று அர்த்தம்.

கையடக்கக் கருவிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சின்ன பேட்டரியிலிருந்து எதிர்மின்னழுத்தம் உண்டாக்குவது செலவு. மேக்சிம் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த மேக்ஸ்232 என்ற சில்லு, நான்கு மின்தேக்கிகளின் உதவியோடு 5 வோல்ட்டிலிருந்து கூட்டியும் கழித்தும் 10 வோல்ட் அளவுக்கு உண்டாக்கியது. அதையும் தவிர்க்க நினைத்த கருவிகள், திசையை மட்டும் சரியாக வைத்து, பூஜ்ஜியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையிலேயே பேசின. தரநிலைப்படி இது தவறு. ஆனால் கணினியின் பெறும் சில்லுகள் பலவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்வரை காத்திருப்பதில்லை. ஒரு வோல்ட்டைச் சற்றுத் தாண்டிய இடத்திலேயே முடிவெடுத்துவிடும். அதனால் வேலை நடந்தது. பழைய கணினியில் நன்றாகப் பேசிய கருவி, புதிதாக வாங்கிய யு.எஸ்.பி. மாற்றியில் வாயே திறப்பதில்லை என்றால், கறாராகத் தரநிலையைப் பின்பற்றும் பெறும் சில்லு ஒன்று அங்கே இருக்கக்கூடும்.

குப்பைகூட வராமல் மௌனமாக இருந்தால்? அப்போதுதான் சிக்கலைப் பாதியாக வெட்டும் சோதனை வேண்டும். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கணினிப் போர்ட்டின் இரண்டாவது, மூன்றாவது முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணையுங்கள். இப்போது கணினி பேசுவது அதன் காதுக்கே திரும்பும். டெர்மினல் மென்பொருளில் எழுத்துகளைத் தட்டினால் அவை திரையில் தெரிய வேண்டும். உடனே கம்பித் துண்டை எடுத்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். இதுதான் முக்கியம். இப்போதும் எழுத்து வந்தால் அது கம்பியில் சுற்றி வந்தது அல்ல, மென்பொருளே எதிரொலிக்கிறது. உங்கள் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. கம்பி இருந்தால் வருகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால்தான் கணினி, மாற்றி, டிரைவர், போர்ட் எண் நான்கும் ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விலகும். அடுத்து கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் இதே இணைப்பைச் செய்தால் கேபிளின் உடைசலும் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பேசுவதும் கேட்பதும் ஒரே கடிகாரம் என்பதால் தவறான வேகம் இதில் அகப்படாது. தரைக் கம்பி அறுந்திருந்தாலும் அகப்படாது, ஏனென்றால் சோதனையில் இருப்பது ஒரே கருவி.

கணினிப் பக்கம் தேறிவிட்டது, ஆனாலும் மௌனம் என்றால் பலமுறை காரணம் கருவியின் பட்டியலிலேயே இருக்கும். ஈட்ரெக்ஸின் அமைப்புகளில் இடைமுகம் என்ற பக்கத்தில் கார்மின் என்றும் என்.எம்.இ.ஏ. என்றும் தேர்வுகள் உண்டு. என்.எம்.இ.ஏ. என்று வைத்தால் கருவி தானாகப் பேசும். கார்மின் என்று வைத்தால் 9600 பாட் வேகத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த மொழி. கேட்டால் ஒழிய வாய் திறக்காது. குறித்து வைத்த இடங்களை மொத்தமாக வெளியே எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது மொழியில்தான். டெர்மினலைத் திறந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கருவி செத்துவிட்டதாகவே தோன்றும். அதற்குரிய மென்பொருள் கேட்டால் மறுநொடி பதில் சொல்லும்.

இன்னும் சில பழுதுகள் பாதி வழியில் காத்திருக்கும். வருவது எல்லாம் வருகிறது, நாம் அனுப்புவது மட்டும் போகவில்லை என்றால் ஓட்டக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். எதிராளி தயாரா என்று தனிக் கம்பியில் சைகை வரும்வரை கணினி காத்திருக்கும் ஏற்பாடு அது. மூன்று கம்பிக் கேபிளில் அந்தச் சைகைக் கம்பியே கிடையாது. ஆகவே காத்திருப்பும் முடியாது. தனிக் கம்பி இல்லாமல் 19 என்ற எண்ணை அனுப்பி நிறுத்தச் சொல்வதும், 17 என்ற எண்ணை அனுப்பித் தொடரச் சொல்வதும் இன்னொரு வகை. வெறும் எழுத்துகள் போகும்போது இதில் தொல்லையில்லை. கார்மின் மொழியைப் போல எந்த எண்ணும் தரவாக வரக்கூடிய இடத்தில், யதேச்சையாக ஒரு 19 வந்ததும் பேச்சு உறைந்துவிடும். எப்போது பதிவிறக்கினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் காரணம் கேபிளில் இருக்க வாய்ப்பு குறைவு. கேபிள் பழுது இடம் பார்த்து வராது.

ஒரு மென்பொருளில் வேலை செய்யும் கருவி இன்னொன்றில் செய்யவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். கணினியில் இணைக்கக்கூடிய கையடக்க மல்டிமீட்டர்கள் சிலவற்றின் கேபிளுக்குத் தனி மின்சாரம் கிடையாது. போர்ட்டின் சைகைக் கம்பிகளிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கம்பிகளை உயர்த்தி வைக்கும் மென்பொருளில் கேபிள் உயிர்பெறும், வைக்காததில் கிடந்துவிடும்.

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட்டே இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றி ஒன்று நடுவில் வந்துவிட்டது. போர்ட்டின் எண் இணைக்கும் இடத்துக்கேற்ப மாறும் என்பதைத் தவிர, அதன் உள்ளே இருக்கும் சில்லு அசலா போலியா என்ற கேள்வியும் உண்டு. 2014-இல், இத்தகைய சில்லுகளைத் தயாரிக்கும் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் விண்டோஸுக்கு வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. நேற்றுவரை உழைத்த கேபிள்கள் காரணம் தெரியாமல் படுத்தன. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலியை விற்றவரை விட்டுவிட்டு, அறியாமல் வாங்கியவரைத் தண்டித்த அந்தச் செயல் தவறு என்பதே என் எண்ணம்.

எல்லாம் கூடிவந்து, திரையில் டாலர் குறியோடு வரிகள் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றை எப்படி நம்புவது? ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நட்சத்திரக் குறிக்குப் பிறகு இரண்டு எழுத்துகள் இருக்கும். அது சரிபார்ப்பு எண். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு பிட் நெடுவரிசையிலும் 1-கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று எண்ணிக் கிடைக்கும் விடை அது. வழியில் ஒரே ஒரு பிட் கெட்டிருந்தாலும் கணக்கு உதைக்கும். மென்பொருள் இதைச் சரிபார்த்து, கெட்ட வரியை வீசிவிடும். நூறு வரியில் இரண்டு மூன்று இப்படி விழுகின்றன என்றால் வேகம், பிட் அமைப்பு எல்லாம் சரி. கேபிள் நீளம், தளர்ந்த தொடுமுனை, உப்புப் பூத்த பித்தளை என்று தேட வேண்டும். கடற்காற்றில் கிடந்த ஈட்ரெக்ஸின் நான்கு தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தாலே பல நேரம் குணமாகிவிடும்.

பிட் ஒவ்வொன்றும் பிழையின்றி வந்து சேர்ந்த பிறகும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. என்.எம்.இ.ஏ. வரியில் அட்சரேகை 1305.250 என்று வரும். முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதி 05.250 என்பது கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. புள்ளியை இடம் மாற்றி 13.0525 பாகை என்று எழுதிக்கொள்பவர்கள் நிறையப் பேர். உண்மையான விடை 13.0875. வித்தியாசம் நிலத்தில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். பாரைத் தேடிப் போகிறவருக்கு அது வெறும் தண்ணீர். கோப்பில் இருக்கும் இடங்கள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. பாகைக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்களை மட்டும் பட்டியல் முழுக்கப் பாருங்கள். 61, 75, 98 என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அது பாகையின் தசமம். பரந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை பெரும்பாலும் கலைகள்.